எட்டு ரூபாய் இருநூறு காசு

நம் உறவுக்காரர்கள் என்னைப் பற்றி ஒன்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். தொண்ணூற்றொன்றில் உன் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்தியது நானாம். கான்வென்டில் படித்தவளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் கௌரவக் குறைச்சலாகத் தெரிந்ததாம். இப்போது உன் மகள் ரேவதி தன் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பதும் என் போதனைதானாம்.

இரண்டுமே தவறு. அன்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது பள்ளிக்கூடம். கணக்குப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான் இல்லை. நீதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேவதி வந்தாள். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவள், பையிலிருந்து நான்கு கணக்குப் புத்தகங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாளைக் கிழித்ததும் அச்சு மை வாசனை அறை முழுவதும் பரவியது. அந்த வாசனைக்கு எனக்கு முதலில் நினைவு வந்தது நீ. இதே மேசை, இதே மாதிரி விரித்துப் போட்ட புத்தகங்கள், எதிர் நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து பக்கம் புரட்டும் நீ.

நாம் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். நான் மூத்தவள், நீ இளையவள். ஆனாலும் சேர்ந்து வாழ்ந்ததில்லை. கல்யாணமான கையோடு உன்னை உன் வீட்டுக்காரர் குவைத்துக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே ஈராக் சண்டை வந்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஜோர்டான் வழியாக விமானம் பிடித்து நீங்கள் நால்வரும் வந்து இறங்கியபோது நான் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தேன். என் கணவர் இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ரேவதிக்கு அப்போது பத்து வயது, சின்னவள் சுதாவுக்கு ஏழு.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாம் இருவரும் போனது நினைவிருக்கிறதா? குமாஸ்தா தலையை நிமிர்த்தவே இல்லை.

"டி.சி. எங்கம்மா?"

"இல்லீங்க. குவைத்துலேர்ந்து வந்துட்டோம்" என்றாய்.

"டி.சி. இல்லாம சேக்க முடியாது. படிச்ச ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் போட்டு வாங்கியாங்க."

"போடறேங்க. அந்த ஸ்கூல் வாசல்ல டாங்கி நிக்குது. அதுங்கிட்ட குடுத்தா கையெழுத்து போட்டுக் குடுக்குமா?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. குமாஸ்தா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஜூன் மாதம் வாருங்கள், பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இதே பதில்தான். அதுவரை பிள்ளைகள் வீட்டில். இதுதான் நடந்தது.

உன் வீட்டுக்காரர் மறுபடி குவைத்துக்குப் போகும் வழி தேடி மெட்ராஸிலும் பம்பாயிலும் ஏஜெண்டுகள் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். வீட்டில் நாமும் பிள்ளைகளும் மேசையும்தான். மற்ற பாடங்களில் நமக்குள் தகராறு இல்லை. கணக்கில்தான் வந்தது. என் பக்கம் நான் பள்ளியில் படித்த ஆங்கிலக் கணக்குப் புத்தகம், தோல் அட்டை போட்டது. உன் பக்கம் குவைத் பள்ளிக்கூடத்துப் புத்தகம், பெட்டியில் வந்தது. பிறகு ஒரு நாள் நீயாக நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் போய், ஐந்தாம் வகுப்புத் தமிழ்க் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்து மூன்றாவதாக வைத்தாய்.

"இது எதற்கு?" என்றேன்.

"சும்மா கெடக்கட்டும்க்கா. பாக்கலாம்."

நான் சும்மா எதையும் மேசையில் கிடக்க விடுகிறவள் இல்லை. உனக்கும் அது தெரியும்.

ரேவதிக்கு நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். தேங்காய் ஒன்று இரண்டு ரூபாய் ஐம்பது காசு. நான்கு தேங்காய் என்ன விலை? அவள் 2.050 என்று எழுதி, நான்கால் பெருக்கி, 8.200 என்று போட்டாள். நான் சிவப்பு மையால் அடித்தேன். "இது என்ன?" என்றேன்.

"எட்டு ரூபா எரநூறு காசு, பெரியம்மா."

நீ அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாய். "அங்க ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸுக்கா. புள்ளிக்கு அப்பால மூணு எடம் எழுதித்தான் இதுக்குப் பழக்கம்" என்றாய். அதோடு விட்டாயா? "அது சரி, நீங்க ஏன் அடிச்சீங்க? எட்டு ரூபாயும் எரநூறு காசும் பத்து ரூபாதான?"

நான் கூட்டிப் பார்த்தேன். பத்து ரூபாய்தான். விடை சரி. எழுதிய முறை தவறு, வந்த தொகை சரி. எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கே உடைகிறது என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. "வல்லக்கோட்டைக் கோயில் கடைக்காரர் நாற்பது தேங்காய் வாங்குகிறார். எவ்வளவு?" என்றேன்.

ரேவதி பெருக்கினாள். 82.000. "எண்பத்திரெண்டு ரூபா."

"பார்த்தாயா? நூறு ரூபாய் வர வேண்டும்" என்றேன் உன்னிடம். நான் அன்று தோற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

"தேங்கா விக்கறவன் பாடு திண்டாட்டம்தான்" என்று நீ சிரித்தாய்.

ரேவதி சிரிக்கவில்லை. இரண்டு கணக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "காசு எப்ப ரூபாவா மாறும் பெரியம்மா? நூறுலயா, ஆயிரத்துலயா? அத யாரு முடிவு பண்றா?"

"அரசாங்கம்."

"எந்த அரசாங்கம்?"

அவள் பிறந்து வளர்ந்த ஊரில் அரசாங்கமே ஓர் இரவில் மாறிப்போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு மூன்று புத்தகங்களையும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

அடுத்து வந்த நாட்களில் நீ செய்ததை நான் வேறு எவரும் செய்து பார்த்ததில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் தசமப் பாடத்தை எடுத்தாய். பிள்ளைகளைப் படிக்க வைத்தாய். கணக்கையும் போட வைத்தாய். ஆனால் விடையை நீ பார்க்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "திருத்த வேண்டாமா?" என்று நான் கேட்டபோது, "இருங்கக்கா. இதுங்க இன்னா கேக்குதுங்கன்னு பாக்கறேன்" என்றாய்.

என் புத்தகத்தில் முதலில் விதி, பிறகு ஒரு பக்கம் நிறையக் கணக்கு. ரேவதி எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள். எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நீ புத்தகத்தை மூடினாய். குவைத் புத்தகத்தில் வண்ணப் படங்கள். அதைத் திறந்ததும் சுதா, "நாம எப்பம்மா போறோம்?" என்று கேட்டாள். அதையும் மூடினாய்.

தமிழ்ப் புத்தகத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அதில் தசமம் ஒரு மீட்டர் கோலில் தொடங்கியது. கோலைப் பத்தாகப் பிரி, நூறாகப் பிரி, ஆயிரமாகப் பிரி. ரேவதி என் தோளின் மேல் ஏறிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "அப்ப ஒரே குச்சியில நூறும் கீது, ஆயிரமும் கீதா?" என்றாள். 'கீது' என்று சொல்லாதே என்று நான் திருத்துவதற்குள் அவள் உன் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அன்று மேசை, கதவு, அம்மிக்கல், சுதாவின் மூக்கு எல்லாம் மீட்டரில் அளக்கப்பட்டன. சுதாவின் மூக்கு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று எட்டு. "பூஜ்யமா என் மூக்கு?" என்று அவள் அழ, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

"இதான்க்கா புக்கு" என்றாய்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கிய கணக்கைத் தமிழுக்கு மாற்றினால் இரண்டும் அரைகுறையாகும் என்றேன். "அக்கா, உங்க தமிழே இஸ்திரி போட்ட மாதிரி கீது. நீங்களே தமிழ வாணாம்னா எப்பிடி?" என்று வாயை அடைத்தாய். நான் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சுதா இன்றும் கால், அரை, முக்கால் வரைக்கும்தான் தமிழில் சொல்கிறாள். அதற்கு மேல் ஆங்கிலம்.

மே மாதம் உன் வீட்டுக்காரர் வந்தார். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "கம்பெனி தொறந்துட்டான்! ஜூன்ல நாலு பேரும் கெளம்பறோம்" என்றார். அப்போதுதான் மேசையைப் பார்த்தார். "இது இன்னா, ஊரு ஸ்கூல் புக்கு? இத அங்க போயி எங்க படிக்கும்?"

நீ சோறு வடித்துக்கொண்டிருந்தாய். திரும்பவில்லை. "பின்னம் பாதியில கீது. அத முடிக்காம பசங்க எங்கயும் வராது."

"முடிய எத்தினி நாளு ஆவும்?"

"அத பின்னத்தக் கேளு."

வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்கே இந்த புக்கு புடிச்சிருக்காது."

"பிடிக்கவில்லைதான். ஆனால் எடுத்த புத்தகத்தைப் பாதியில் மாற்றுவது அதைவிட மோசம்" என்றேன். எனக்குச் சரி என்று பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் தனியாகப் போனார். ஜூனில் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்பார். நீ ஒரு பாடத்தின் பெயரைச் சொல்வாய். ஒரு வருடம் சதவீதம் நடக்கிறது. மறு வருடம் தனிவட்டி. கூட்டுவட்டி முடிந்து வடிவியல் தொடங்கியபோது அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். பிறகு ஒரேயடியாக ஊருக்கே வந்துவிட்டார். ஒரகடம் கூட்ரோடில் கடை வைத்தார். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

இப்போது ரேவதிக்கு வருகிறேன். அவள் கணவருக்குக் கம்பெனியில் மெக்சிகோ போகச் சொல்கிறார்கள். சில வருட வேலை. போவதா வேண்டாமா என்று முடிவாகவில்லை. அதற்குள் பள்ளிக்கூட வருடம் தொடங்கிவிட்டது. இங்கே சேர்த்து அங்கே பிடுங்குவானேன் என்று பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிறாள். மேசையில் அவள் பரப்பிய நான்கு புத்தகங்களில் இரண்டு எந்த நாட்டுக்குப் போனாலும் தொடரலாம் என்பவை. மற்ற இரண்டும் இங்கே இருந்தால்தான் ஆகும்.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். பிள்ளைகளின் விடையைப் பார்க்காதே, எந்தப் புத்தகத்தைத் திறந்தால் கேள்வி கேட்கிறார்கள் என்று பார் என்றேன். உன்னிடமிருந்து எடுத்து நான் வைத்துக்கொண்டது அது. இத்தனை வருடத்தில் யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். உன் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன்.

ஆனால் அவள் கிளம்பும்போது வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்று கேட்டாள். "பெரியம்மா, அம்மா அன்னிக்கு அந்த புக்கு நல்லாக்கீதுன்னு இங்கயே இருந்தாங்களா? இல்ல, இங்கயே இருக்கணும்னு அந்த புக்க எடுத்தாங்களா?"

"தெரியாது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததும் கீதா!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எனக்கு அது தெரிஞ்சாவணும் பெரியம்மா. நான் பசங்களுக்குப் புக்கு பாக்கறனா, போவாம இருக்க சாக்கு பாக்கறனான்னு எனக்கே தெரில" என்றாள்.

அன்றிலிருந்து இதையேதான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் கேட்க எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன. உன் வீட்டுக்காரர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதாகும் என்று கேட்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசி நாட்களிலும் நாம் மருந்தையும் மழையையும் பற்றித்தான் பேசினோம்.

இரண்டு பக்கமும் எனக்குச் சாட்சி இருக்கிறது. டேப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த உன் முகம் ஒரு சாட்சி. உள்ளே ஒரு திட்டத்தை வைத்துக்கொண்டிருப்பவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். ஆனால் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை உன்னை யாரும் வாங்கி வரச் சொல்லவில்லை. அதற்கும் முன்பே, மாசி மாதத்தில், குவைத்திலிருந்து வந்த பெரிய சூட்கேஸில் வருடத்துப் புளியை உப்புப் போட்டு அடைத்து வைத்தாய். திரும்பிப் போகிறவள் யாராவது துணி வைக்கிற பெட்டியில் புளி அடைப்பாளா? அன்று நான் அதைக் கெட்ட பழக்கம் என்று மட்டும்தான் நினைத்தேன்.

ஊகித்து ஏதாவது ஒன்றைச் சொல்ல என்னால் முடியும். நான் சொன்னால் ரேவதி நம்புவாள். நம்பி ஒரு குடும்பமே கடல் தாண்டும், அல்லது தாண்டாமல் நிற்கும். அத்தனை பெரிய காரியத்தை என் ஊகத்தின் மேல் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. வரும் ஞாயிறு அவள் மறுபடி வருவாள்.

ஆகவே உன்னையே கேட்கிறேன். புத்தகம் முந்தியா, முடிவு முந்தியா? நேரில் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாய். விடையை மட்டும் எழுதாதே, எப்படி வந்தாய் என்பதையும் எழுது. தமிழிலேயே எழுது, உன் தமிழில். நான் திருத்த மாட்டேன். பதில் எழுது.