விளக்குத் தட்டுக்கு அடியில் ஒரு லெட்டர்

வெள்ளிக்கிழமை

எங்க வீட்டுக்கு எந்த லெட்டர் வந்தாலும் முதல்ல சாமிப் படத்துக்கு முன்னாலதான் போகும். வேலை கிடைச்ச லெட்டர், மகள் பள்ளிக்கூடத்து லெட்டர், மோட்டார் சைக்கிளுக்கு அபராதம் கட்டச் சொல்லி வந்த சமன் லெட்டர், எல்லாத்துக்கும் மூலையில மஞ்சள் தடவி, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சுதான் பிரிப்போம். சுங்காய் எஸ்டேட்டுல இருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்த பழக்கம்.

இன்னிக்கு விளக்கு துடைக்கும்போது தட்டுக்கு அடியில பழைய உறை ஒண்ணு கிடந்தது. ஆஸ்பத்திரி லெட்டர். அவரோட நெஞ்சு ஸ்கேனுக்கு எட்டு மாசமா காத்திருந்த லெட்டர். பிரிச்சா, ஸ்கேன் தேதி நேத்து!

"வச்சிட்டு மறந்துட்டேன்லா"ன்னாரு. சாமி முன்னாலயே கத்திட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். கவுண்டர்ல தமிழ்ப் பொண்ணு. "பயப்படாதீங்க அக்கா, நேத்து மெஷின் ரோசாக்லா, கெட்டுப்போச்சு. யாருக்கும் ஸ்கேன் எடுக்கல. எல்லாரையும் புதன்கிழமை வரச் சொல்றோம்."

அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். இவரு பக்கத்துல வந்து, "பாத்தியா, சாமிகிட்ட வச்சது வீண் போகல"ங்கிறாரு! அடிக்கணும்போல இருந்தது. சிரிச்சிட்டேன்.

லெட்டரை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டேன். மூலையில மஞ்சள் தடவிட்டுத்தான்.