சீன மேசையில் சாப்பாடு

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மூடிக்கிடக்கிற தங்கச் சுரங்கம், மைசூர் மைன்ஸ் பக்கம் பழைய பங்களா ஒன்றை இடிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டீபன் அங்கிருந்து டெம்போவில் ஒரு மேசை கொண்டுவந்தார். சீன மேசையாம். கருஞ்சிவப்பு மரம், கல் கனம். நீளம் அதிகம், அகலம் குறைவு. இரு முனைகளும் மேலே சுருண்டிருக்கின்றன. ஆணியே இல்லை, மரத்துக்குள் மரம் கோத்திருக்கிறது. உட்கார்ந்தால் தட்டு நெஞ்சுவரை வருகிறது. இனி இதில்தான் சாப்பாடாம்.

நவ. 6, வியாழன்
வெயில் இல்லை. கறிக்குழம்பில் உப்பில்லை என்றார் ஸ்டீபன். அடுப்படியில் ருசி பார்த்தபோது சரியாக இருந்தது. மேசைக்கு வந்ததும் சப்பென்று. நேற்றும் இப்படித்தான். அத்தை, ஸ்டீபனின் அம்மா, பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்தார். இரண்டே நாளில் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பயமாக இருக்கிறது.
துணி சோப்பு, கோதுமை வாங்க வேண்டும்.

நவ. 8, சனி
ஸ்டீபனோடு வேலை செய்கிற கவிதா பெங்களூரிலிருந்து வந்தாள். பழைய மரச்சாமான் செப்பனிடுவது அவளுக்குப் பிடித்த வேலை. மேசைக்கு அடியில் கைவிட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.
"ஐஸ் மாதிரி இருக்கு. இதுலயா சாப்பிடுறீங்க?"
"ஏன்?"
"இது படையல் மேசை, ஜெசி. செத்தவங்களுக்கு வெக்கிறது. நின்னுக்கிட்டு வெக்கணும், அதான் இவ்ளோ உயரம்."
அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் சாப்பிட்டது செத்தவர்கள் தின்ற மிச்சமா? திங்களன்று எடுத்துப்போகச் சொல்லி கவிதாவிடம் சொன்னார் ஸ்டீபன்.
"எங்கயும் போவாது," என்றார் அத்தை. "உங்கப்பாவுக்குக் கல்லறைகூட இல்லியேடா. வேற எங்க சோறு வெப்பேன்?"
மாமாவை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஷிப்டுக்கு கேஜில், சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டில், இறங்கியவர். உள்ளே பாறை சரிந்து, உடல்கூடக் கிடைக்கவில்லை.
"சபைல தெரிஞ்சா இன்னா சொல்வாங்கம்மா?"
"சொல்ட்டும்."

நவ. 9, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்து மதியச் சாப்பாடு. எங்களுக்குத் தரையில் பாய். மேசையில் மாமாவுக்கு ஒரு தட்டு, நானே வைத்தேன். அத்தை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனை நாளாயிற்று இப்படிப் பார்த்து. ஸ்டீபன் முகத்திலும் சிரிப்பு.
மோர் ஊற்றக் குனிந்தேன். என் முதுகுக்குப் பின்னால், மேசைமேல் தட்டு மெல்ல நகர்கிற சத்தம். ஸ்டீபனின் கை வாயருகே அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கப் போனேன். அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
"திரும்பாத ஜெசி. ரொம்பப் பசில வந்திருக்காரு. சாப்ட்டும்."