உங்கள் ஜெப நோட்டில் என் பேர் இல்லை

என் பிரியமுள்ள வக்கீல் அண்ணனுக்கு,

நீங்கள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இங்கே பிள்ளைகள் சுகம். பெரியவள் தையல் படிக்கிறாள். சின்னவள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். நான்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை அண்ணா, வயிறு எரிகிறது.

யார்மேல் என்று கேட்பீர்கள். உங்களை அண்ணா என்று கூப்பிட்ட அத்தனை பேர்மேலும்தான்.

உங்களுக்காகச் செங்கல்பட்டில் வைத்த நினைவு ஆராதனையில் கோவில் கொள்ளாத கூட்டம். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வரலாம் என்று போதகர் சொன்னார். நான் இரண்டு நாளாக எழுதி வைத்த தாளை எடுத்துக்கொண்டு எழுவதற்குள் மதுராந்தகத்து அம்மாள் ஒருத்தி முந்திக்கொண்டாள்.

"நான் நடுத்தெருவுல நின்னப்ப, அண்ணா கோர்ட்டு வேப்பமரத்தாண்ட செருப்பக் கழட்டிட்டு எனுக்காக ஜெபம் பண்ணாரு. தங்கச்சின்னுதான் கூப்புடுவாரு" என்றாள்.

என் வேப்பமரம் அது. என் ஜெபம். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் ஒரு பெரியவர், எல்லாருக்கும் அதே மரம். உங்களுக்கு எத்தனை தங்கச்சிதான் அண்ணா? தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை.

மற்றவர்கள் சொன்ன மாதிரி என் கதையையும் நான் சொல்ல வேண்டாமா? அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போன நாற்பதாம் நாள், என் கொழுந்தன் மோசஸ் எங்கள் புதுப்பட்டினத்து வீட்டைப் பூட்டிவிட்டான். கல்பாக்கத்து வேலைக்கு வந்து இறங்கினவர்கள் ஓர் அறை கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்த காலம். வாடகை ஆசை அவன் கண்ணை மறைத்துவிட்டது.

"வூடு எங்கப்பன் கட்டுனது. பொட்டப் புள்ளைங்கள இட்டுகினு உங்கம்மா வூட்டாண்ட போய்ச் சேரு" என்றான்.

கூடுவாஞ்சேரியில் இருந்த அம்மா வீட்டிலிருந்து மூன்று வருஷம் உங்களிடம் அலைந்தேன். ஃபீஸ் என்று நான் வாயெடுத்தால் கேஸ் கட்டை மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் உள்ளே போவதற்கு முன்னால், கறுப்புக் கவுனைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, அந்த மரத்தடியில் ஒரே வரிதான் ஜெபிப்பீர்கள். இந்தத் தங்கச்சி தைரியமாக இருக்க வேண்டும் என்று. ஜெயிக்க வேண்டும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் குறைந்தா போய்விடும் என்று மனசுக்குள் முணுமுணுப்பேன்.

கோர்ட் அமீனா வந்து பூட்டை உடைத்துக் கதவைத் திறந்துவிட்ட அன்று, வாசலிலேயே முழங்கால் போட்டேன். இயேசுவுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தால் உங்கள் பெயர்தான் முதலில் வந்தது. ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லாத நாள் கிடையாது. நீங்களும் உங்கள் வீட்டு ஜெபத்தில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று ஐந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் போன வாரம் அண்ணியைப் பார்க்கப் போனேன். ஆறுதல் சொல்ல வந்தேன் என்று சொன்னது பொய். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, அண்ணன் ஜெபத்தில் என் பேரைச் சொல்வாரா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். அண்ணி எழுந்து போய் உங்கள் ஜெப நோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். பழைய கோர்ட் டைரி, கிழமைக்கு ஒரு பக்கம், பக்கம் முழுக்கப் பெயர்கள்.

ஞாயிறு முதல் சனி வரை விரல் வைத்துத் தேடினேன். நான் இல்லை. மறுபடியும் தேடினேன். இல்லவே இல்லை. மதுராந்தகத்து அம்மாள் பெயரும் இல்லை என்று பார்த்ததில் ஓர் அற்ப சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் புதன்கிழமைப் பக்கத்தில் மூன்றாவது பெயர், மோசஸ், புதுப்பட்டினம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைத் தெருவில் நிறுத்தினவனுக்கு உங்கள் நோட்டில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லையா? அவனும் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தேம்பினான். நல்லா நடிக்கிறான் பார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். "உனக்குத்தான் அவரு கோர்ட்டுல நின்னு பேசினாரேம்மா. தோத்துட்டுப் போறவங்களுக்கு யாரு இருக்காங்கன்னு கேப்பாரு. இதுல இருக்கறது பூரா எதிர்த்தரப்பு ஆளுங்கதான். மோசஸுக்கும் இது தெரியும்" என்றார்கள்.

கூண்டில் ஏற்றி அவனை அத்தனை கேள்வி கேட்டு மடக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் அவனுக்காக முழங்கால் போட உங்களுக்கு எப்படி அண்ணா மனசு வந்தது? எனக்கு வரவில்லையே.

இதற்கு மேல்தான் வம்பு. இந்தப் பெயர்களை இனி யார் சொல்வது என்று அண்ணி கவலைப்பட்டார்கள். மதுராந்தகத்து அம்மாள் முழு நோட்டையும் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாளாம். விடுவேனா? "புதன்கிழமைய நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று வாய் முந்திக்கொண்டது. மடியில் விரிந்து கிடந்த பக்கம் அதுதான். அந்தப் பக்கத்தில் எவன் இருக்கிறான் என்பது பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது.

நேற்று புதன்கிழமை. பள்ளிக்கூடமும் தையல் வகுப்பும் விட்டு வந்த பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு முழங்கால் போட்டேன். முதல் இரண்டு பெயர்களும் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எத்தனை தடவை ஆரம்பித்தும் முடியவில்லை. கடைசியில், "ஆண்டவரே, வக்கீல் அண்ணன் உம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த ஆள்" என்று மட்டும் சொன்னேன். யாரென்று அவருக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை பெயரைச் சொல்லப் பார்க்கிறேன் அண்ணா. நாக்கு வராவிட்டால் அதற்கடுத்த புதன். என் உயிர் உள்ளவரை அந்தக் கிழமை வேறு யார் கைக்கும் போகாது, மதுராந்தகத்து அம்மாள் வந்து கெஞ்சினாலும் சரி.

உங்கள் தங்கச்சிகளில் ஒருத்தி, ஆனால் மூத்தவள்,
எஸ்தர்