துறைமுகத்துக்கு வராத அம்மா

தோர்ஷாவ்ன்,
ஞாயிற்றுக்கிழமை

மகளே,

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில், யாரும் அதிகம் கேள்விப்படாத புத்தகங்களாகத் தேடிப் படிக்கிறோம். போன மாதம் ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் சமையல் குறிப்புகள். இந்த மாதம், நீ புனைபெயரில் எழுதிய நாவல். அது உன்னுடையது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

வட்டத்தில் என் தோழி பில்லா இரண்டு முறை படித்து அழுதாளாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹானுஸ் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரி. பெத்த பொண்ணு ஊரை விட்டே போறா. வழியனுப்பத் துறைமுகத்துக்குக்கூட வராத அம்மா எங்கயாவது இருப்பாளா? சும்மா கதைக்காகச் செஞ்ச ஆளு!"

"இருக்கா. அது நான்தான்," என்றேன். "எழுதினது என் பொண்ணு."

ஹானுஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பில்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி போகல?" என்று கேட்டாள்.

அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நான் வந்தேன். மீன் கிடங்குக்குப் பின்னால் நின்று, நீ ஏறிய டென்மார்க் கப்பல் மறையும்வரை பார்த்தேன். எதிரே வந்திருந்தால் உன்னைப் போகவிட்டிருக்க மாட்டேன்.

புத்தகத்தில் ஒரே ஒரு பிழை. நீலத் தொப்பி என்று எழுதியிருக்கிறாய். அன்று நீ போட்டிருந்தது சிவப்பு.

உன் அம்மா