மலை மேலிருந்து போகாத அழைப்பு

இன்று காலை ரயில் அரக்கோணம் தாண்டியதும் மகளிர் பெட்டியில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். புளிச்சக்கீரைத் தொக்கு. வரமிளகாயும் பூண்டும் நல்லெண்ணெயும் கலந்த அந்தப் புளிப்பு வாசனை என் இருக்கைவரை வந்தது. திரும்பிப் பார்த்தேன். கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ இருந்தவரை அந்த வாசனை நம் பெட்டியில் உன்னுடையது. "கோங்கூரான்னு சொல்லுக்கா, புளிச்சக்கீரைன்னா எங்கம்மா கோச்சிக்கும்" என்பாய். உனக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஆபீசில் ஆங்கிலம். மூன்றிலும் ஒரே வேகம். மூன்றிலும் எதிரே இருப்பவர் பேசி முடிக்கக் காத்திருக்க மாட்டாய்.

திருத்தணியிலிருந்து அம்பத்தூர் வரை ஒரே ரயிலில் போனோம். அலுவலகத்திலும் அடுத்தடுத்த நாற்காலி. நெட்வொர்க் கட்டுப்பாட்டு அறை என்று பெயர். உண்மையில் குளிரூட்டிய பெரிய கூடமும் சுவர் நிறையத் திரைகளும்தான். ஒவ்வொரு டவரும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டும் உன் நைனா, நீ தினமும் டவரில் ஏறி இறங்குகிறாய் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். நீயும் திருத்தவில்லை. "பயந்துகினு இருந்தாத்தான் சாயந்திரம் போன் பண்ணுவாரு" என்று சொல்லிச் சிரித்தாய்.

புதிய தலைமுறை நெட்வொர்க் வந்தபோது நம் வேலையே மாறிப்போனது. முன்பெல்லாம் ஒரு டவரில் இருப்பதை எல்லாரும் முட்டி மோதி எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் கூடினால் எல்லாருக்குமே கொஞ்சம் கொஞ்சம் குறையும். இப்போது அதைப் பங்கு பிரித்து, இந்தப் பங்கு இன்னாருக்கு என்று ஒதுக்க முடிந்தது. கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஒன்று, அவசர அழைப்புக்கு ஒன்று, கட்டணம் செலுத்திக் கேட்கும் நிறுவனத்துக்கு ஒன்று. மிச்சம் ஊருக்கு. எந்த நொடியில் யாருக்கு எவ்வளவு என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நாம் அதற்கு முன்கூட்டிச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: நெருக்கடி வந்தால் யார் முதலில், யார் கடைசியில். பயிற்சி கொடுக்க வந்தவர் இதை நாள் முழுக்க விளக்கினார். நீ என் காதோரம் குனிந்து, "பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிக்கிறதுக்கு இவ்ளோ பெரிய பேராக்கா?" என்றாய்.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு தனியார் நிறுவனம் நம்மிடம் பெரிய பங்கு ஒன்றைக் கேட்டது. திருத்தணி மலையில் நிற்பதுபோலவே வீட்டிலிருந்து பார்க்கும்படி நேரலை காட்டப்போகிறார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிவரை, என்ன கூட்டம் வந்தாலும் படம் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆடிக் கிருத்திகைக்கு நம் ஊர் எப்படி இருக்கும் என்று, இதைப் பேசிய அலுவலகக் கூட்டத்தில் அறிந்தவர்கள் நாம் இருவர் மட்டுமே. கால் வைக்க இடமிருக்காது. நீதான் எழுந்தாய்.

"சார், அவ்ளோத்தையும் வீடியோவுக்குக் குடுத்துட்டா ஊர்க்காரங்க போன் எடுக்காது சார்."

மேலாளர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அவசர அழைப்புக்குத் தனிப் பங்கு இருக்கும்மா. அதை யாரும் தொட மாட்டோம். மத்தது என்ன, எங்க இருக்கே, சாப்டியா, அவ்வளவுதானே? ஒரு நாள் பேசாட்டி என்ன?"

"எங்க ஊர்ல ஆபத்துன்னா மொதல்ல போடுறது அந்த நம்பர் இல்ல சார். தம்பி நம்பரு. மாமன் நம்பரு. அது உங்க மெஷினுக்கு சாப்டியான்னு கேக்கிற போனாத்தான் தெரியும்."

சிலர் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். பங்கு ஒப்பந்தப்படியே பிரிக்கப்பட்டது.

உள்ளூர்க்காரி என்பதால் திருவிழாவன்று உன்னை மலைக்கு அனுப்பினார்கள், வண்டியில் பொருத்திய தற்காலிக டவருக்குப் பொறுப்பாளராக. நான் அம்பத்தூரில் திரை முன்னால். பெரிய திரையில் அந்த நேரலையை ஓடவிட்டிருந்தார்கள். பூக்காவடியில் ஒவ்வொரு சாமந்தி இதழும் தனித்தனியாகத் தெரிந்தது. வியர்வைத் துளி தெரிந்தது. பக்கத்துத் திரையில் மலையைச் சுற்றியிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தன. ஊர்க்காரர்களின் அழைப்புகள் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தன. மென்பொருள் தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்தது.

மதியம் நீ கூப்பிட்டாய். அலுவலகம் தந்த போன் என்பதால் உனக்கு இணைப்பு கிடைத்தது. பின்னால் அரோகரா சத்தம். நீ கத்தித்தான் பேசினாய்.

"அக்கா, இங்க ஒருத்தரு வுழுந்துட்டாரு. காவடி எடுத்துகினு வந்தவரு. நான் ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டேன். அவரு பையன் கீழ ஆட்டோவோட நிக்கிறானாம். அந்தம்மா ரொம்ப நேரமா அவனுக்குப் போட்டுகினே இருக்குது, போவல. நான் போட்டாலும் அவன் பக்கம் போய்ச் சேரல. வீடியோ பங்குலேர்ந்து கொஞ்சம் தொறந்து வுடச் சொல்லுக்கா. அஞ்சு நிமிசம் போதும்."

மேலாளரிடம் ஓடினேன். "நம்ம கையால மாத்தினா ஒப்பந்த மீறல் ஆயிடும், மேல கேக்கணும்" என்றார். கேட்கவும் செய்தார். அனுமதி தரவேண்டியவர் வேறு ஊரில், வேறு ஏதோ கூட்டத்தில் இருந்தார். நான் மறுபடி போய் நின்றேன். மறுபடி போன் போட்டார். எடுக்கவில்லை என்று தெரிந்தும் வைக்காமல் காத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

மற்றதை நீ அன்று மாலை ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாய். விழுந்தவரும் மனைவியும் கே.ஜி.கண்டிகைப் பக்கம் கூலி வேலை செய்பவர்கள். மயக்கம்தான், வெயில்தான் என்று நினைத்து அந்த அம்மா அவரை நிழலில் சாய்த்து, முந்தானையால் விசிறிக்கொண்டே மகனுக்குப் போட்டிருக்கிறார். மகன் வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதைத் தவிர வேறு யோசனை அவருக்கு வரவில்லை. நீ பார்த்தபோது அந்த அம்மா போனைக் கையில் தட்டிக்கொண்டிருந்தார். உன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து உன்னிடமே நீட்டியிருக்கிறார்.

"இது ஏன் கண்ணு போவ மாட்டேங்குது? பையன் நேத்துதான் ரீசார்ஜ் பண்ணிக் குடுத்தான்."

ஸ்ட்ரெச்சர் வந்தது. கூட்டம் வழி விட்டது. மலைப்பாதை இறங்கி முடிவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

மறுவாரம் அறிக்கை தயாரானது. அவசர அழைப்புகள் அனைத்தும் தடையின்றிச் சென்றன என்று அதில் இருந்தது. அது பொய் இல்லை. நீ போட்ட அழைப்பும் அந்தக் கணக்கில் ஒன்று. மலைப் பொறுப்பாளர் என்ற முறையில் நீ ஒப்புக்கொள்ள வேண்டும். மகனுக்குப் போட்ட அழைப்பு போகவில்லை, அவர் இறந்துவிட்டார் என்று ஒரு வரி சேர்த்தால் ஒப்புக்கொள்கிறேன் என்றாய். "அது மருத்துவ விஷயம், நெட்வொர்க் விஷயம் இல்ல" என்றார்கள். ஒப்புக்கொள்ளாமலே எழுந்து வந்தாய். நீ ஒப்பந்தப் பணியாளர். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை; காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

அதன் பிறகுதான் இறந்தவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாய். வேண்டாம் என்று நான் தடுத்தேன். "நம்ம மேல கோவப்படக்கூட அவங்களுக்கு ஆள் தெரியலக்கா" என்றாய். பஸ் ஏறிப் போனோம். மாலை போட்ட புகைப்படம் புதிதாக இருந்தது. அந்த அம்மா உன்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்து உட்காரவைத்தார். நீ எதையும் பூசி மெழுகவில்லை. யாருக்காக யாருடைய பேச்சு நிறுத்தப்பட்டது என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொன்னாய். மகன் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டான்.

"அப்ப நீங்கதான் அடச்சீங்களா?"

"ஆங். எங்க ஆபீஸ்தான்" என்றாய்.

"நான் போனைக் கையிலயே வெச்சிகினு நின்னேங்க. மேலேர்ந்து ஆம்புலன்ஸ் வந்துச்சு. வழி வுடுங்க வழி வுடுங்கன்னு கத்தி, என் ஆட்டோவப் பின்னாடி எடுத்து நான்தான் வழி வுட்டேன். உள்ள யாருன்னு எனக்குத் தெரியாது."

நிலையை விட்டு விலகி நின்றான். பிறகு, "போய்டுங்க" என்றான். அந்த அம்மா நம்மை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய்: "பொழச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாதுக்கா. டாக்டருக்கே தெரியாது. ஆனா அந்தப் பையன் அவரு முகத்தப் பாத்திருப்பான்."

அப்புறம் உனக்குத் திருப்பதியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தினமும் பஸ். நாம் பார்ப்பதே குறைந்தது. அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று நீயும் வேலைக்குப் போய் வந்திருக்கிறாய். டெங்கு என்று தெரிந்து சென்னைக்குக் கொண்டுவந்தபோது ரத்தத் தட்டணுக்கள் சரிந்துவிட்டிருந்தன. வேலை முடிந்து வந்து உன் கட்டில் அருகே நின்றேன். கண் திறந்து, "இன்னாக்கா, இவ்ளோ இளைச்சிட்டே" என்றாய். நீ என்னைச் சொன்னாய். கொஞ்ச நேரம் கழித்து, "டிரெயினுக்கு நேரமாச்சு, போ" என்றாய். போனேன். மறுநாள் விடியும்போது உன் நைனா கூப்பிட்டார். அவர் தெலுங்கில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். எனக்குத் தெலுங்கு சரியாக வராது. அது மட்டும் புரிந்தது.

நான் இன்னும் அதே கூடத்தில்தான் இருக்கிறேன். மென்பொருளுக்கு இப்போது இன்னும் கெட்டிக்காரத்தனம் கூடிவிட்டது. கூட்டம் கூடுவதற்கு முன்பே கூடப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. யார் கடைசியில் என்பதை மட்டும் இன்னமும் மனிதர்கள்தான் அதற்குச் சொல்லித்தருகிறார்கள். ஒவ்வொரு வருடமும் பங்கு பிரிக்கும் அலுவலகக் கூட்டத்தில் நான் எழுந்து, ஊர்க்காரர்கள் பேசுவதற்கு இவ்வளவு பங்கு குறையவே கூடாது என்று ஒரு வரம்பு கேட்பேன். உன்போல் பேச எனக்கு வராது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வேன். இந்த வருடம் கொடுத்தார்கள். திருத்தணி மலைக்கு மட்டும், கிருத்திகை அன்றைக்கு மட்டும், சோதனை முறையில். வேறு மலைகளுக்கு, வேறு திருவிழாக்களுக்கு இல்லை.

திருவிழாவன்று லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். நல்ல கூட்டம். என்னைச் சுற்றி எல்லாரும் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்க இருக்கே, பூ கடைகிட்ட நில்லு, தண்ணி பாட்டில் வாங்கினு வா. எல்லா அழைப்பும் போனது. போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அதில் தெரிய என்ன இருக்கிறது. எனக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. யோசிக்காமல் உன் எண்ணை அழுத்திவிட்டேன்.

மணி அடித்தது. அது அடிக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தொழிலில் எண்களும் ஒரு வளம்தான். சும்மா கிடக்க விடமாட்டோம், சில மாதம் வைத்திருந்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம். ஓர் ஆண் குரல், இளவயது, யாருங்க என்றது. தெளிவாகக் கேட்டது. நான் உன் பெயரைச் சொன்னேன். நீ போன பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க" என்றான்.

"ஆங், தெரியுங்க" என்றேன்.

அவன் வைத்துவிட்டான். உன் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.