ஒரு நாளைக்கு மட்டும்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து மழை. மலை தெரியவில்லை. நான் வகுப்பெடுக்கும் வேங்கிக்கால் பயிற்சி மையத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே மொழிபெயர்ப்பு. ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வரலாற்றுக் குறிப்பு, பாடம் 9: பிரான்ஸ், மதப் போர்களும் முடியாட்சியும். வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். முடியாது.

பதினொரு மணிக்கு அத்தை, கீழ்பென்னாத்தூரிலிருந்து, பாதி நனைந்து. அப்பாவின் அக்கா. ஒரு பை வேர்க்கடலை, தைலம், சொந்தத் தலையணை. தலையணையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. தலையணையோடு வந்தால் இரண்டு நாளில் போக மாட்டார்.

ஏன் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. 7ஆம் தேதி என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அம்மா தரகரிடம் கேட்டாராம்: "பொண்ணோட அம்மா நெத்தி காலியா இருக்காமே, இன்னா விஷயம்?"

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அப்பாவும் நானும் மருந்துக்கும் வேலைக்கும் ஓடிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தார். கஞ்சி கொடுத்தார், ஜெபம் செய்தார். அதிலிருந்து ஞாயிறுதோறும் அம்மா அவருடன் ஜெப வீட்டுக்கு. பொட்டு நின்றது. அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள்: "போய்ட்டு வா. வீட்டுக்குள்ள பாட்டு வேணாம். சொந்தக்காரங்ககிட்ட இந்தப் பேச்சு வேணாம்."

இன்றைய பக்கத்தில், 1598, பிரெஞ்சு அரசனின் ஆணை: புராட்டஸ்டன்டுகள் வழிபடலாம், இன்னின்ன ஊர்களில். தலைநகரில் கூடாது.

பேனாவை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

மழை கம்மி. துணி காயவில்லை.

ஆணை போட்டவனின் பேரன் அதை ரத்து செய்கிறான், 1685. ஒரே அரசன், ஒரே சட்டம், ஒரே மதம். ரத்து செய்வதற்குச் சில வருடம் முன்பே ஒரு ஏற்பாடு: குதிரைப்படை வீரர்களைப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் தங்கவைப்பது. வீட்டுக்காரர் செலவில் சாப்பாடு. தூங்கவிடாமல் முரசு. மதம் மாறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.
படைக் குடியமர்த்தல் – அரசாணை வாடை
வீட்டுப் படை – ஏதோ காவலுக்கு வந்த மாதிரி
குதிரைவீரர் தொல்லை – கொசுத்தொல்லை போல
விருந்துப் படை – ?

அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, ஒரே வரிய அடிச்சி அடிச்சி எழுதிகினு இருக்க?"

சொன்னேன்.

"சோறு யாரு போட்டது?"

"அந்த வீட்டுக்காரங்கதான்."

"அநியாயமா இருக்கே! நானா இருந்தா கொழம்புல மொளகாத்தூள அள்ளிப் போட்டு ரெண்டே நாள்ல ஓட வுட்டிருப்பேன்."

அம்மா சமையலறையில் சிரித்துவிட்டாள். நானும். அத்தைக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அக்டோபர் 31, வெள்ளி

பாடம் பாதி.

அத்தை பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பூஜை, மணி, கற்பூரம், எல்லாம் அவரே. குங்குமச் சிமிழைக் கண்ணாடி பக்கத்தில் திறந்து வைக்கிறார். அம்மா மூடுகிறாள். மறுநாள் திறந்திருக்கிறது.

மதியம் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். முழங்காலுக்குத் தைலம். "ஒடம்ப இன்னா இப்படி வெச்சிருக்க சரசு? ஒன்னப் பாக்க ஆளு இல்லையா?" அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க இருக்கீங்களே அண்ணி."

கடைசியாக இந்த வீட்டில் யார் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்தது? நான் இல்லை.

வகுப்பில் பின்வரிசைப் பெண் கேட்டாள்: "கையெழுத்து போட்டுட்டு மனசுக்குள்ள அவங்க சாமியக் கும்பிட்டுக்கலாமே, மிஸ்?"

"நெறைய பேர் அப்படித்தான் செஞ்சாங்க."

"அப்புறம் இன்னா மிஸ் பிரச்சனை?"

அடுத்த பத்தியைப் படிக்கச் சொன்னேன்.

7ஆம் தேதி பார்க்க வருகிறவரிடமிருந்து போன். ஆரணியில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். இது இரண்டாவது முறை. என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மா ஒன்பது மணிக்கே வெள்ளைப் புடவையில் தயார். அத்தைக்குத் திடீரென்று தலைசுற்றல். சர்க்கரை இறங்கிவிட்டது. நடிப்பு இல்லை, கை நடுங்கியதைப் பார்த்தேன். அம்மா வெல்லம் கரைத்துக் கொடுத்துவிட்டு அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்தாள். ஸ்டெல்லா அக்கா வாசலில் பத்து நிமிடம் நின்றார். பிறகு தனியாகப் போனார்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். "நான் ஒண்ணும் சொல்லல. பாத்தல்ல?"

பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லைதான்.

பாடம் 9இல் ஒரு வரி: ஊர் ஊராக மனம் மாறினார்கள் என்று அரசனுக்குக் கடிதங்கள் வந்தன. அவன் நம்பினான். அவன் வீட்டில் முரசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தம். வகுப்பு இல்லை. மூன்று மணிக்கே அப்பாவும் அத்தையும் கிரிவலம் கிளம்பினார்கள். அத்தை கூப்பிட்டார். அம்மா, "முட்டி வலி அண்ணி." அத்தை வற்புறுத்தவில்லை.

அம்மாவும் நானும் மட்டும். வேர்க்கடலை உரித்தோம். இந்தப் பத்து நாளில் முதல் தனிமை. அவளை ஏதாவது நல்லதாகக் கேட்டிருக்கலாம். அந்த ஜெப வீட்டில் என்ன பாடுவார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டது இது: "வெள்ளிக்கெழம ஒரு நாளைக்கு மட்டும் வெச்சுக்கோயேம்மா."

கை நிற்கவில்லை. நாலைந்து கடலை உரித்தாள்.

"உங்க அத்த வந்தன்னிக்கே தயாராத்தான்டி இருந்தேன். ஒரு வார்த்த திட்டட்டும், பதில் சொல்லிக்கலாம்னு. அவங்க திட்டியிருந்தா நின்னிருப்பேன். கால அமுக்கிவுட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

உரித்த கடலையைத் தட்டில் தள்ளினேன்.

"இப்ப நீயும் கேட்டுட்ட."

"வேணாம்னா வேணாம்மா."

"சரி வுடு. வெச்சுக்கறேன்."

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று பயம். கேட்கவில்லை. இதை இங்கே எழுதியாக வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

கேசரி, பஜ்ஜி. ஒன்பது பேர். என்னுடைய பச்சைப் புடவை.

அம்மா அறையிலிருந்து வந்தாள். நெற்றி நடுவில் வட்டமாக, கொஞ்சமும் கோணாமல். இரண்டு வருடம் ஆகியும் விரலுக்கு மறக்கவில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு: "எவ்வளவு லட்சணமா இருக்கீங்க! ஜனங்க என்னென்னமோ சொல்லிட்டாங்கம்மா."

அம்மா: "சொல்லுவாங்க."

பிடித்துவிட்டது. தை மாதம் என்றார்கள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம், "அந்தப் பாடம் முடிஞ்சுதா?" என்றார்.

சந்தோஷமாக இருந்தேன். பொய்யில்லை.

நவம்பர் 8, சனி

காலையில் அம்மா குளித்துவிட்டு வந்து மறுபடியும் பொட்டு வைத்தாள். யாரும் வரப்போவதில்லை.

"நேத்து ஒரு நாளுக்குத்தானேம்மா."

"கல்யாணம் இருக்கு. அப்புறம் வளைகாப்பு. அவங்க வருவாங்க, போவாங்க. ஒவ்வொரு வாட்டியும் வெச்சு அழிச்சிகினு இருந்தா ரெண்டு பக்கமும் பொய்யாயிடும்."

பத்து மணிக்கு அத்தை தலையணையைச் சுருட்டினார். பஸ் ஏற்றிவிட்டு வந்து அம்மா அழுதாள். அத்தை போனதற்கு. உண்மையாகவே அதற்குத்தான்.

பாடம் 9 அனுப்பிவிட்டேன். சொல் கிடைக்கவில்லை. ஒரு முழு வாக்கியமாகவே எழுதிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். மாடி முழுக்கத் துணி.

அம்மா பழைய நூல்புடவையில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒன்பதேகாலுக்கு வாசலில் ஸ்டெல்லா அக்கா. "சரசு, கெளம்பலாமா?"

அம்மா குரலை இறக்கி, "நான் இல்லன்னு சொல்லுடி."

"எங்க போயிருக்கன்னு சொல்றது?"

"எதையாவது சொல்லு. போ."

போனேன். பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அம்மா இல்லக்கா. கோயிலுக்குப் போயிருக்காங்க." எனக்கு வாயில் வந்தது அது. உள்ளே அம்மா இருமினாள். அவருக்கும் கேட்டது.

"சரி கண்ணு. வந்தா நான் கேட்டேன்னு சொல்லு."

திரும்பி வந்து சொன்னேன்.

அம்மா காம்பை ஒடித்துக்கொண்டே, "கோயிலுக்கா?" என்றாள்.