இறுக்காதேங்கோ, அது கதைக்கட்டும்

எடியே, எங்கள் அண்ணா கடலுக்கடியில் மூச்சுவிடுகிற ரெகுலேற்றர் சீறுவதை நிறுத்திவிட்டது, இன்று காலை அதை வாயில் கடித்துக்கொண்டு அவர் கடலுக்குள் இறங்கி, சிரித்துக்கொண்டே மேலே வந்துவிட்டார்!!!

உனக்குத்தான் முதலில் சொல்ல ஃபோனை எடுத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. அதனால் எல்லாரும் வாசிக்கிற இங்கேயே எழுதுகிறேன். மேசையில் காற்றழுத்தம் காட்டுகிற உன் மீற்றர் கிடக்கிறது. உங்கள் சைக்கிள் கடையின் பழைய காற்றுப் பம்பிலிருந்து நீ கழற்றித் தந்தது. பஞ்சர் ஒட்டுகிற சொலூசன் மணம் அதைவிட்டு இன்னும் போகவில்லை.

நாச்சிக்குடாவில் கடலட்டை பிடிக்கப் போன அண்ணா அரைவாசிக் காற்றை வீணாக்கிவிட்டுத் திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறதா? வாயில் கடிக்கிற துண்டு, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றுத் தர வேண்டியது, இழுக்காமலே ஸ்ஸ்ஸ் என்று ஊற்றிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற பைப்புக்குச் செய்வதைத்தான் அண்ணா செய்தார். உள்ளே இருந்த திருகை ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினார். சத்தம் நின்றது.

"பாத்தியளா? அலுவல் முடிஞ்சுது."

நீ அதை வாங்கி இழுத்துப் பார்த்தாய். கன்னம் இரண்டும் உள்ளே போய்க் கண் பிதுங்கியது.

"அண்ணா, இது மூச்சா, ஐஸ்கட்டியை ஸ்ட்ரோவால உறிஞ்சுற வேலையா? இதோட கீழ போனா நீங்கள் அட்டையைப் பிடிக்க மாட்டியள், அட்டைதான் உங்களைப் பிடிக்கும்."

மறுநாள் சத்தம் திரும்பி வந்தது. அண்ணா ஸ்க்ரூ டிரைவரைத் தேட, நீ அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாய். "இறுக்காதேங்கோ. வாயைப் பொத்தினா வருத்தம் மாறுமே? அது கதைக்கட்டும். என்ன சொல்லுதெண்டு கேப்பம்."

உனக்கும் எல்லாம் தெரிந்திருந்ததா என்ன!

"கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுவமே?" என்று கேட்டவளும் நீதானே.

"விசரி! இது சைக்கிள் செயினில்ல. அவ்வளவு அழுத்தக் காத்துக்க எண்ணெய் போனா நெருப்பே பிடிக்குமாம். வீடியோவில சொன்னவங்கள்."

"சரி சரி, உன்ர வீடியோச் சாமி சொன்னாச் சரி."

பரந்தன் லேத் பட்டறையில் ஒரு பொருத்துக் கடைந்து வந்து, ரெகுலேற்றரின் குழாயில் மீற்றரைப் பூட்டினோம். காற்றுச் சிலிண்டரைத் திறந்ததும் மீற்றரின் முள் எழும்பி நின்றது. நின்றுவிட்டது என்று நான் துள்ளினேன். "பொறடி" என்றாய். முள் மெல்ல நகர்ந்தது. ஏறி ஏறி ஓர் இடத்துக்கு வந்ததும், ஸ்ஸ்ஸ்.

"பிழை வாயில இல்லையடி. தொண்டையில."

சிலிண்டரில் பூட்டுகிற துண்டுக்கு நீ வைத்த பெயர் தொண்டை. அதற்குள் வாசர் தேய்ந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. ஏறுகிற அழுத்தம் தாங்காமல்தான் பாவம், வாய் திறந்துகொண்டது. புது வாசர்களுக்கு ஓடர் போட்டோம்.

பார்சல் வர முன்னமே காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டு போய்விட்டது.

நான் பார்சலைப் பிரிக்கவில்லை. உன் பெயர் எடுபட்டால் உன் அப்பா எழும்பிக் கடைக்குள் போய் எதையாவது துடைப்பார். நாங்களும் பெயரை எடுக்காமல் விட்டோம். அண்ணா இரவல் ரெகுலேற்றரோடு தொழிலுக்குப் போனார். போன கிழமை அதற்கு உரியவர் திருப்பிக் கேட்டுவிட்டார்.

"பழசை நல்லா இறுக்கிப்போட்டு இறங்குறன்" என்றார் அண்ணா.

எனக்கு உயிரே போயிற்று! ஸ்க்ரூ டிரைவரைப் பறித்தேன். ரெகுலேற்றர், சிலிண்டர், பார்சல் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே ஜெயபுரம், உங்கள் கடை, உன் மேசை.

தொண்டை வாசரை மாற்றினேன். முள் எழும்பியது, நின்றது. நின்றேவிட்டது! ஆனால் வாய் மட்டும் மெல்லச் சீறியது. அண்ணா இறுக்கிய இறுக்கில் அங்கிருந்த வாசரிலும் பள்ளம் விழுந்திருந்தது. அதையும் மாற்றினேன். புது வாசர் வெட்டுப்படாமல் இருக்கக் காற்றுவிடும் பொத்தானை அமத்திக்கொண்டு, திருகை மயிரளவு திருப்பி, விட்டுக் கேட்டு, திரும்பவும் மயிரளவு. சீறல் நின்ற இடத்தில் கையை எடுத்துவிட்டேன். இழுத்துப் பார்த்தேன், மூச்சு லேசாக வந்தது. வாளித் தண்ணீருக்குள் அமத்திப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை.

உன் அப்பா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"முள்ளு நிக்குதே பிள்ளை?"

"ஓம் மாமா, நிக்குது."

"அவள் இந்த மீற்றரைக் கழட்டேக்க நான் நல்லா ஏசினனான். 'பம்பை விட மூச்சுக்குத்தான் அப்பா இது தேவை' எண்டு எனக்கே வகுப்பு எடுத்தவள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கதைத்தார், எடி! தேநீர் ஆறும்வரை, ஆறிய பிறகும், உன்னைப் பற்றியே. சில இடத்தில் குரல் உடைந்தது. நான் பேச்சை மாற்றவில்லை. முள் அசையவே இல்லை.

இன்று காலை அண்ணா, கூட்டாளி பக்கத்தில் நிற்க, ஆழமில்லாத இடத்தில்தான் முதலில் இறங்கினார். மேலே வந்து சொன்ன முதல் சொல்: "காத்துத் தானா வருதடி!"

உன் மீற்றர் இனி என் பையிலேயே இருக்கும். அண்ணாவின் ஸ்க்ரூ டிரைவரும்தான்.

இதை வாசிக்கிற எல்லாருக்கும்: உங்கள் வீட்டில் யாராவது சீறுகிற ரெகுலேற்றரோடு கடலில் இறங்கினால், இறுக்கவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெயபுரம் சைக்கிள் கடைக்குக் கொண்டு வாருங்கள். எங்களால் திருத்த முடியாததைத் தொழில் தெரிந்தவரிடம் அனுப்புவோம். பிழை வாயிலா தொண்டையிலா என்பதையாவது முள் சொல்லிவிடும். கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இதைப் பகிருங்கள். அவளைத் தெரிந்தவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் போதும். மாமா இப்போதே கதிரைகளைத் துடைத்து வெளியே போட்டுவிட்டார். கதைக்கத்தான்.